தேயிலை ஓடுது, மலை ஓடலையே!

குன்னூரில் மலை ரயில் கிளம்பி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அக்கா மகள் என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"மாமா, பாருங்க! தேயிலைச் செடியெல்லாம் பின்னால ஓடுது. அந்த மலை மட்டும் ஓடலையே. நம்ம கூடவே வருது!"

ஏழாம் வகுப்பு படிக்கிறாள். மடியில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் பெரிய பெரிய கண்களும், முள்ளு முள்ளாய் நிற்கும் தலைமுடியுமாக ஜப்பானிய அனிமே ஆட்களை வரைந்து வைத்திருப்பாள். எல்லாரும் அழகாக நிற்பார்கள். ஓட மட்டும் மாட்டார்கள். "ஓடுற மாதிரி வரணும்னா நூறு படம் போடணுமாம் மாமா, யாரால முடியும்?" என்று முதல் நாள் இரவுதான் அலுத்துக்கொண்டாள்.

அந்தக் கேள்விக்கும் இந்த ஜன்னலுக்கும் தொடர்பு இருக்கிறது. முதலில் ஜன்னலைப் பார்ப்போம்.

நம் ரயில் நொடிக்கு 5 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளை நன்றாக மிதித்தால் வருகிற வேகம்தான். பாதையிலிருந்து 5 மீட்டர் தள்ளி ஒரு தேயிலைச் செடி. இப்போது உங்களுக்கு நேர் எதிரே இருக்கிறது. ஒரே நொடியில் அது 45 பாகை பின்னால் போய்விடும். தலையைத் திருப்பினால்தான் தெரியும். 50 மீட்டர் தள்ளி நிற்கும் சில்வர் ஓக் மரம் அதே நொடியில் ஏறக்குறைய 6 பாகைதான் நகரும். கையை நீட்டி மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தால் எவ்வளவு மறைக்குமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. 5 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மலை? முழுநிலாவின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் நகரும். கண்ணுக்கே தெரியாது. மலையும் பின்னால்தான் போகிறது. ஆனால் அது போவது தெரியாததால், கூடவே வருவதுபோல் இருக்கிறது. நாம் நகரும்போது பொருள்கள் இப்படி இடம் மாறித் தெரிவதை 'இடமாறு தோற்றம்' என்பார்கள். எது பக்கம், எது தூரம் என்று மூளை கணக்குப் போட இது பெரிய உதவி.

இனி ஜப்பானுக்குப் போவோம். மாங்கா என்றதும் நம் ஊர் மாங்காய் நினைவுக்கு வரும். அங்கே அது சித்திரக்கதை. வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அதில் யாராவது ஓடினால், அவருக்குப் பின்னால் சரசரவென்று கோடுகள் இழுத்திருப்பார்கள். ஆள் அசையவில்லை, கோடுதான் வேகத்தைச் சொல்கிறது. இந்த மாங்காவைத் திரைக்குக் கொண்டு வரும்போதுதான் சிக்கல். திரையில் ஒரு நொடிக்கு 24 படச் சட்டங்கள் ஓடும். 22 நிமிடக் கதைக்கு ஒவ்வொரு சட்டத்துக்கும் புதுப் படம் வரைந்தால் 31,680 படங்கள் வேண்டும். வாரத்துக்கு ஒரு கதை என்றால் எந்தக் கை தாங்கும்?

ஒசாமு டெசூகா தாங்குவதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் மருத்துவம் படித்தவர், ஆனால் சித்திரக்கதைக்கு வந்துவிட்டார். 1952-இல் மாங்காவாகத் தொடங்கிய 'ஆஸ்ட்ரோ பாய்' என்ற தன் ரோபோ சிறுவன் கதையை 1963 ஜனவரி 1 முதல் தொலைக்காட்சித் தொடராகக் கொண்டுவந்தார். ஒரு படத்தை மூன்று சட்டங்களுக்கு அப்படியே நிறுத்தினால் நொடிக்கு 8 படம் போதும். 31,680 என்பது 10,560 ஆகிவிடும். அவருடைய குழு அதையும் விடக் குறைத்தது. பேசும்போது வாய் மட்டும் அசையும். ஒரு முறை வரைந்த பறக்கும் காட்சியைப் பத்திரமாக எடுத்து வைத்து, வேறு கதையிலும் பயன்படுத்துவார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு உத்தி. ஓடும் சிறுவனை அதே இடத்தில் வைத்துவிட்டு, அவனுக்குப் பின்னால் இருக்கும் நீளமான பின்னணிப் படத்தை இழுப்பார்கள். நம் கண்ணுக்கு அவன் ஓடுகிறான்!

"அப்போ நாம உட்கார்ந்துட்டு, தேயிலை ஓடுற மாதிரி!" என்றாள் அவள். அதேதான்.

எட்டு தனித்தனிப் படங்களை மூளை எப்படி ஓட்டமாக நம்புகிறது? இந்தக் கேள்வியும் ஒரு ரயிலில்தான் பிறந்ததாகச் சொல்வார்கள். 1910-இல் மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது இது மனதில் உதித்ததாம். ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் இறங்கி, படங்கள் சுழன்று அசைவதுபோல் காட்டும் பொம்மை ஒன்றை வாங்கினாராம். அங்கேயே சோதனைகள் செய்து 1912-இல் முடிவுகளை வெளியிட்டார். இரண்டு கோடுகளைச் சரியான இடைவெளியில் மாறி மாறிக் காட்டினால், ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்வதாகத் தெரிகிறது. நடுவில் உண்மையில் எதுவுமே இல்லை. இல்லாத நகர்வை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது.

ரயில் வெலிங்டன் தாண்டி அரவங்காட்டை நெருங்கியது. மேட்டுப்பாளையத்திலேயே ஏறியிருந்தால் இதையெல்லாம் இன்னும் நிதானமாகப் பார்த்திருக்கலாம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே ரயில் பல் சக்கரத்தால் நடுவிலுள்ள பல் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டுதான் மலை ஏறும்.

ஜப்பானிய அனிமேக்கும் நமக்கும் சொந்தம் உண்டு. யூகோ சாகோ என்ற ஜப்பானியர் நம் ராமாயணத்தை அனிமேயாக எடுக்க விரும்பினார். அவருடனும் கோய்ச்சி சசாகியுடனும் சேர்ந்து அதை இயக்கியவர் ராம் மோகன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் பெற்று, 1956-இல் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தவர். அந்தப் படம் 1990-களின் தொடக்கத்தில் வெளிவந்தது. 2025 ஜனவரி 24 அன்று தமிழிலும் பேசிக்கொண்டு நம் ஊர்த் திரையரங்குகளுக்கு வந்தது. கணினி வரைவதற்கு முந்தைய காலத்துப் படம் அது. கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் 'செல்' தாளில் ராமனை வரைந்து, வண்ணம் தீட்டி, காகிதத்தில் தீட்டிய காட்டின் மேல் வைத்துப் படம் பிடிப்பார்கள். காட்டையும் இரண்டு மூன்று அடுக்காகப் பிரிக்கலாம். முன் அடுக்கை வேகமாகவும் பின் அடுக்கை மெதுவாகவும் இழுத்தால், தட்டையான தாளுக்குள் ஆழம் வந்துவிடும். நம் ஜன்னலும் தேயிலை, சில்வர் ஓக், மலை என்று மூன்று அடுக்குகள்தானே? ஹயாவோ மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' படத்தில் தண்ணீர் மேல் ஒரு ரயில் போகும். சிறுமி அசையாமல் உட்கார்ந்திருப்பாள், கடல் நழுவிக்கொண்டிருக்கும். அதை அடுத்த முறை பார்க்கும்போது அடுக்குகளை எண்ணிப் பாருங்கள்.

அடுக்கைக் காட்ட நிறமும் வேண்டும். பக்கத்துத் தேயிலை கரும்பச்சை. அதற்குப் பின் உள்ள குன்று மங்கிய பச்சை. கடைசி மலை வெளிர்நீலம். மரம் எல்லா மலையிலும் பச்சைதான்! நடுவில் இருக்கும் காற்றின் வேலை இது. காற்றின் மூலக்கூறுகள் சூரிய ஒளியின் நீலத்தைச் சிவப்பைவிட ஏறக்குறைய 6 மடங்கு அதிகமாகச் சிதறடிக்கும். இதுதான் ராலே சிதறல். மலை எவ்வளவு தூரமோ அவ்வளவு காற்று நடுவில், அவ்வளவு நீலம் அதன் மேல். நீலகிரியின் பெயருக்குக் குறிஞ்சிப் பூவைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. தெளிவான காலை ஒன்றில் கேத்தி பள்ளத்தாக்கின் மேலிருந்து பார்த்தால், பூவே இல்லாமலும் மலை நீலமாகத்தான் இருக்கும்.

பனிமூட்டம் வேறு கதை. அதில் இருப்பவை நீர்த்துளிகள். ஒளியின் அலைநீளத்தைவிட அவை மிகப் பெரியவை, அதனால் எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிக்கும். வெள்ளையாகத் தெரியும்.

வீட்டில் செய்து பாருங்கள். காலி செருப்புப் பெட்டியின் ஒரு பக்கத்தில் ஜன்னல் வெட்டுங்கள். மூன்று நீளமான அட்டைத் துண்டுகள் எடுத்து, முதலில் தேயிலை, அடுத்து மரங்கள், கடைசியில் மலை என்று மேல் ஓரத்தை வெட்டி வரையுங்கள். மலைக்கு வெளிர்நீலம் மட்டும். மூன்றையும் இடைவெளி விட்டுப் பெட்டிக்குள் நிறுத்தி, தேயிலையை 10 சென்டிமீட்டர் இழுக்கும்போது மரத்தை 1 சென்டிமீட்டர் மட்டும் இழுங்கள். மலையைத் தொடவே வேண்டாம். ஒற்றைக் கண்ணால் பாருங்கள்.

கேத்தி வருவதற்குள் அவள் நோட்டில் வேலை தொடங்கிவிட்டாள். ஓடுகிற நிலையில் ஒரே ஒரு பையன். அவனுக்காக நீளமாய் ஒரு தேயிலைப் பட்டை, அடுத்து சில்வர் ஓக் பட்டை. மூன்றாவது பட்டைக்கு நீலப் பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தபோது லவ்டேல் வந்தது. கூடவே பனியும் வந்து ஜன்னலை மூடியது. அவள் நிமிர்ந்து வெளியே பார்த்தாள், பென்சிலைப் பைக்குள் போட்டாள்.

"மாமா, மூணாவது பேப்பர் வெள்ளையாவே இருக்கட்டும்."