முயல் கதறினால் யார் யார் வருவார்கள்?

மொன்டானாவிலோ வயோமிங்கிலோ வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு என்றாவது ஒருநாள் இந்த அழைப்பு வரும். “சனிக்கிழமை கொயோட்டி வேட்டைக்குப் போகிறோம், நீயும் வாயேன்” என்பார் கூட வேலை செய்யும் அமெரிக்க நண்பர். கொயோட்டி, நம் குள்ளநரிக்கும் ஓநாய்க்கும் நடுவில் வைக்கத்தக்க விலங்கு. கால்நடைக்காரர்களுக்கு ஆகாத பிராணி. அதைச் சுட அந்த இரண்டு மாநிலங்களிலும் வேட்டை உரிமம் தேவையில்லை, ஆண்டு முழுக்கச் சுடலாம். உரிமமே வேண்டாம் என்றால் சிக்கலே இல்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

1998-ல் கொண்டுவரப்பட்ட கூட்டரசுச் சட்டம் ஒன்று, தற்காலிக விசாவில் அமெரிக்காவுக்கு வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்கிறது. எச்-1பி, எல்-1, மாணவர் விசா, பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரின் சுற்றுலா விசா எல்லாமே இதற்குள் வரும். சில விதிவிலக்குகள் உண்டு. பெரும்பாலோருக்குப் பயன்படக்கூடியது, அமெரிக்காவில் முறைப்படி பெற்ற, காலாவதியாகாத வேட்டை உரிமம். அது கையில் இருந்தால் தடை இல்லை.

இப்போது முடிச்சைப் பாருங்கள். கொயோட்டிக்கு உரிமம் வேண்டாம் என்று மாநிலம் சொல்கிறது. அதனால் நீங்கள் உரிமம் எடுக்கவில்லை. நண்பர் தன் ரைஃபிளை நீட்டி, “ஒரு தடவை சுட்டுப் பார்” என்கிறார். வாங்கிப் பிடிக்கிறீர்கள். மாநிலச் சட்டப்படி தப்பில்லை, கூட்டரசுச் சட்டப்படி குற்றம். துப்பாக்கி உங்களுடையதா இரவலா என்பது கணக்கில்லை, கையில் இருந்தாலே போதும். சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்தாலும் இதே கதைதான். 2022-ல் திருத்தப்பட்ட பிறகு இதற்கு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டுச் சிறை. அதற்குமேல் நாடுகடத்தலும் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. மீன்பிடி உரிமத்தைக் காட்டித் தப்பிக்கவும் முடியாது, சட்டம் கேட்பது வேட்டை உரிமம்.

சட்டம் இருக்கட்டும், காட்டுக்கு வருவோம். கொயோட்டியைத் தேடி அலைய வேண்டியதில்லை, வரவழைப்பார்கள். சாகும் தறுவாயில் முயல் கதறுவது கைக்குழந்தை அழுவதுபோல இருக்கும். அந்த ஓசையை விரல் நீள ஊதலிலோ பேட்டரி ஸ்பீக்கரிலோ எழுப்பிவிட்டு, செடிகொடி நிறத்தில் உடுத்தி, தங்கள் வாடை விலங்குக்குப் போகாதபடி காற்றுத் திசை பார்த்து, அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். வளர்ப்புக் கௌதாரியைக் கத்தவிட்டுக் காட்டுக் கௌதாரியைக் கண்ணியில் சிக்கவைத்த நம்மூர்த் தந்திரத்துக்கு இது அண்ணன்.

ஆனால் அந்தக் கதறலில் முகவரி எழுதியிருக்காது. பசித்த யார் காதில் விழுந்தாலும் அவர் வரலாம். யெல்லோஸ்டோன் சுற்றுவட்டாரத்திலும் மொன்டானாவின் வடமேற்கிலும் அப்படி வருபவர் கிரிஸ்லி கரடியாக இருக்கக்கூடும். கரடி நாட்டில் நடப்பவர்களுக்குச் சொல்லப்படும் பாலபாடம் என்ன? பேசிக்கொண்டே போ, கூட்டமாகப் போ, நீ மனிதன் என்று தெரியும்படி இரு. ஊதல் வேட்டைக்காரர் இதில் ஒன்றுவிடாமல் தலைகீழாகச் செய்கிறார். போதாக்குறைக்கு இரையின் குரலையும் கொடுக்கிறார். கரடிக்கு அவர்மேல் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. சாப்பாடு என்று நம்பி வருகிறது, அவ்வளவுதான்.

ஆகவே இருவராகப் போய், ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார வேண்டும். முதுகுக்குப் பின்னால் பெரிய மரமோ பாறையோ இருப்பது நல்லது. கரடி தெரிந்த கணமே ஊதலை நிறுத்தி, எழுந்து நின்று, சாதாரணக் குரலில் பேசியபடி மெல்லப் பின்வாங்க வேண்டும். ஓடவே கூடாது. கரடி மணிக்கு 50 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடும். சுட்ட விலங்கை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவைப்பதும் ஆபத்து. அண்டங்காக்கைகள் கூடிப் பறக்கும் இடத்தில் கரடியும் இருக்கலாம்.

கரடி ஸ்பிரே என்பது நம் மிளகாயின் காரம்தான். குறைந்தது 225 கிராம் கொள்ளும் டப்பாவாக, கரடிக்கென்றே அனுமதி பெற்றதாகப் பார்த்து வாங்குங்கள். பைக்குள் போட்டால் பயனில்லை, கை எட்டும்படி இடுப்பிலோ மார்பிலோ இருக்க வேண்டும். அலாஸ்காவில் நடந்த சம்பவங்களைத் தொகுத்து 2008-ல் வெளியான ஆய்வு ஒன்றில், கிரிஸ்லி இனமான பழுப்புக் கரடிகளை இந்த ஸ்பிரே 92 சதவீதச் சம்பவங்களில் தடுத்திருக்கிறது. பாய்ந்து வரும் கரடியைத் துப்பாக்கியால் குறிபார்ப்பதைவிட அதன் முகத்துக்கு முன்னால் காரப் புகையைக் கட்டுவது எளிது என்பது என் கட்சி. கொசுவிரட்டி என்று நினைத்துத் தன்மேலேயே அடித்துக்கொண்டவர்களும் உண்டு. கூடாரத்தின் மேல் அடிப்பது அதைவிட மோசம். காய்ந்த மிளகாய் வாடை கரடியை ஈர்க்கும்.

மோதல் தவிர்க்க முடியாமல் போனால் எந்தக் கரடி என்பது முக்கியம். நிறத்தை நம்பாதீர்கள், ‘கருங்கரடி’ எனப்படுவது பழுப்பாகவும் இருக்கும். தோளில் திமில், குட்டையான வட்டக் காது, நீண்ட முன்னங்கால் நகம் இருந்தால் கிரிஸ்லி. திடுக்கிட்டோ குட்டியைக் காக்கவோ கிரிஸ்லி மேலே விழுந்தால், குப்புறப் படுத்து, பிடரியில் கைகளைக் கோத்து, பிணம்போலக் கிடக்க வேண்டும். கருங்கரடி தாக்கினால் திருப்பி அடிக்க வேண்டும். எந்தக் கரடியானாலும் இரவில் கூடாரத்துக்குள் நுழைந்தாலோ, பின்தொடர்ந்து வந்து தாக்கினாலோ, விடாமல் போராடுங்கள்.

அலாஸ்கா நீங்கலான தொடர்நிலப் பகுதியில் கிரிஸ்லி 1975 முதல் காக்கப்பட்ட இனம். உயிருக்கு ஆபத்து வந்தால் சுடலாம், அது குற்றமல்ல. ஆனால் 5 நாட்களுக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும். காரையோ இறைச்சியையோ காப்பாற்றச் சுட்டேன் என்பது செல்லாது. மீறினால் 25,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். செத்த கரடியைப் புதைத்துவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் பெரிய மடத்தனம்.

விசாவில் இருப்பவர் துப்பாக்கி விவகாரத்தில் மாட்டினால், விளக்கம் சொல்லித் தப்பிக்கப் பார்க்க வேண்டாம். பேசாமல் இருக்கவும் வழக்கறிஞரைக் கேட்கவும் உரிமை உண்டு. இந்தியக் குடிமகன் தன் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கோரலாம். கேட்டால்தான் தெரிவிப்பார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடுகடத்தல் வருமா என்பதை வழக்கறிஞர் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று 2010-ல் பாடில்லா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்தத் தாளில் கையெழுத்துப் போடும் முன்னும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

சுட்டே ஆக வேண்டும் என்ற ஆசை இருந்தால், வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்து, உரிமம் எடுத்து, குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம். இல்லையென்றால் நண்பரோடு சும்மா போய் வாருங்கள், பனிமலையும் கொயோட்டியின் ஊளையும் பார்க்கவும் கேட்கவும் வேண்டியவைதான். கழுத்தில் பைனாகுலர், இடுப்பில் ஸ்பிரே போதும். துப்பாக்கி அவர் தோளிலேயே இருக்கட்டும், தோட்டாக்களும் அவர் சட்டைப்பையிலேயே.