கால் கழுவி உள்ளே வா

தமிழர்தம் வழிபாட்டு மொழியில் திருவடிக்கு உள்ள இடம் பிற உறுப்புகளுக்கு இல்லை. திருக்குறளின் முதல் அதிகாரமாகிய கடவுள் வாழ்த்தில் உள்ள 10 குறட்பாக்களுள் ஏழில் இறைவனின் அடியோ தாளோ பேசப்படுகிறது. அடியார், அடியேன், தாள் பணிதல், கழல் தொழுதல் எனப் பக்தியைச் சுட்டும் சொற்கள் பலவும் பாதத்தைச் சுற்றியே அமைந்தவை. இத்துணைப் பெருமையைப் பாதத்துக்கு வழங்கிய மக்கள், தம் வீட்டுக் குழந்தையின் பாதத்தை மட்டும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைக்கு முகம் துடைத்துத் தலைவாரித் திருநீறோ திருமண்ணோ இட்டுவிடும் தாய், அதன் கால்விரல் இடுக்கை விரித்துப் பார்ப்பது அரிது. முள் தைத்து அது அழும்போதுதான் கால் என்று ஒன்று இருப்பது வீட்டாரின் நினைவுக்கு வருகிறது.

முன்னாளில் இதற்கெனத் தனியே யாரும் நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை. வீட்டின் அமைப்பே நினைவுபடுத்தியது. திருவரங்கத்து உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் இன்றும் எஞ்சி நிற்கும் பழைய வீடுகளைக் கண்டோர் இதனை அறிவர். தெருவிலிருந்து திண்ணை, திண்ணையிலிருந்து நடை, நடையைக் கடந்தால் முற்றம். திண்ணையோரத்தில் ஒரு செம்பு நீர் இருக்கும். வெளியிலிருந்து வருபவர் பெரியவராயினும் சிறுவராயினும், "காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வா" என்ற குரலைக் கேட்ட பின்னரே நடையில் கால் வைப்பர். குழந்தைக்கு அது பாடமன்று. வாசலைக் கடக்கும் வழி, அவ்வளவே.

இன்று திருச்சிராப்பள்ளித் தில்லை நகரின் குறுக்குத் தெருக்களில் நிமிர்ந்து நிற்கும் அடுக்குமாடி இல்லங்களில் திண்ணையும் இல்லை, முற்றமும் இல்லை. மின்தூக்கியிலிருந்து இறங்கினால் கதவு. கதவைத் திறந்தால் கூடம். தண்ணீர்க் குழாய் இருப்பதோ கூடத்தையும் படுக்கையறையையும் தாண்டிய குளியலறையில். கால் கழுவப் போவதற்குள் வீடு முழுவதும் கழுவாத காலால் மிதிபட்டுவிடுகிறது. ஆகவே, 'போனால் போகட்டும்' என்று குழந்தை தொலைக்காட்சியின் முன் அமர்ந்துவிடுகிறது. வழக்கம் கெட்டது மனிதரின் சோம்பலால் மட்டுமன்று. அதற்குரிய இடம் வீட்டில் இல்லாமற் போனதாலுமாகும். இடத்தை மீண்டும் அமைத்துக் கொடுத்தால் வழக்கமும் மீளும்.

கழுவுதல் பற்றிப் பழந்தமிழ் நூலொன்று மிக நுட்பமாகப் பேசுகிறது. பதினெண்கீழ்க்கணக்கைச் சேர்ந்த ஆசாரக்கோவை, பெருவாயின் முள்ளியார் இயற்றியது. 100 வெண்பாக்களைக் கொண்டது. உண்ணுமுன் கால் கழுவ வேண்டும் என்பது அந்நூலின் விதிகளுள் ஒன்று. அதனோடு அவர் நிற்கவில்லை. காலில் ஈரம் இருக்கும்போதே உண்ணத் தொடங்குக என்றும், ஆனால் ஈரம் உலராமல் படுக்கையில் ஏறற்க என்றும் பகுத்துரைக்கிறார். முதல் விதி சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். கழுவியவர் மீண்டும் வெளியே அலையாமல் நேரே இலைமுன் வந்து அமர்ந்தாரா என்பதற்கு ஈரக்காலைவிட வேறு சான்று வேண்டுவதில்லை என்று கொண்டால் அதன் பொருள் விளங்கும். இரண்டாம் விதியோ இன்றைய மருத்துவர் சொல்லும் அதே சொல். கால் நோய்களுள் பல அழுக்கினால் மட்டும் வருவதில்லை. உலராத ஈரத்தினால் வருகின்றன. கழுவச் சொல்லும் பெற்றோர் பலர் உண்டு. துடைக்கச் சொல்லும் பெற்றோர் சிலரே.

மனிதனின் இரு பாதங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 2,50,000 வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. காலை எட்டு மணிக்கு உறையும் காலணியும் அணிந்த பள்ளிப்பிள்ளை மாலை நான்கரைக்குத்தான் அவற்றைக் கழற்றுகிறது. அவ்வளவு நேரம் தோல் வியர்வையில் ஊறுகிறது. வியர்வைக்குத் தனியே மணம் அதிகமில்லை; தோலில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை உண்டு பெருகுவதால்தான் நாற்றம் எழுகிறது. விரல் இடுக்கில், அதிலும் கடைசி இரு விரல்களுக்கிடையில், தோல் வெளுத்து ஊறிப் பிளந்தால் அங்கே பூஞ்சை குடிபுகும். இதனையே நாட்டுப்புறத்தார் சேற்றுப்புண் என்பர். வயலில் இறங்காத நகரத்துப் பிள்ளைக்கும் இது வரும். அதன் சேறு காலுறைக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பிளவின் வழியே வேறு கிருமிகள் புகுந்தால் பாதம் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் காணும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பூசும் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்பு அன்றே அடங்கும். பூஞ்சையோ உள்ளே பரவும். மருத்துவரிடம் காட்டிய பின்னரே களிம்பு இடுதல் நன்று.

கழுவும் முறை எளிது. குவளை நீரைப் புறங்காலில் ஊற்றிக்கொள்வது கழுவுதல் ஆகாது. குதிகால், உள்ளங்கால், விரல் இடுக்கு ஆகிய மூன்றிலும் சோப்பும் கையும் படவேண்டும். ஒரு காலுக்கு நான்காக இரு கால்களிலும் எட்டு இடுக்குகள் உள்ளன. துடைக்கும்போது ஒன்று, இரண்டு என்று எட்டு வரை எண்ணச் சொன்னால் நான்கு வயதுக் குழந்தையும் ஒன்றைக்கூட விடாது. ஏழில் நின்றுவிட்டால் அதுவே திரும்பிப் பார்த்துக்கொள்ளும். காலுக்கென்று ஒவ்வொருவருக்கும் தனிப் பருத்தித் துண்டு வேண்டும். காலுறையை நாள்தோறும் மாற்றவேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நனைந்த காலணியினுள் இரவில் பழைய செய்தித்தாளைத் திணித்து வைத்தால் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். நகத்தை நேராக வெட்டவேண்டும். ஓரங்களை உள்வாங்கி வெட்டினால் நகம் சதைக்குள் வளரும். செவ்வாயும் வெள்ளியும் நகம் வெட்டலாகாது என்று கொள்வோர்க்கு வாரத்தில் இன்னும் ஐந்து நாள்கள் உள்ளன.

கோயிலுக்கு வரும் குழந்தையின் கால் தனியே எண்ணத்தக்கது. ஆலயத்துக்குள் காலணி இல்லை, இருக்கவும் கூடாது. மலைக்கோட்டையில் உச்சிப்பிள்ளையாரைக் காண நானூறுக்கும் மேற்பட்ட படிகளை வெறுங்காலால் ஏறுகிறார்கள். திருவரங்கத்தில் ஏழு திருச்சுற்றுகள். அப்புத்தலமாகிய திருவானைக்காவிலோ கருவறையிலேயே நீர் ஊறுகிறது. எண்ணெய் சிந்திய தளம், அபிஷேக நீர் ஓடும் தளம், மழை தேங்கிய தெரு என்று பலவற்றையும் மிதித்தே குழந்தை வீடு திரும்புகிறது. பிள்ளையார் சந்நிதி முன்பு சிதறுகாய் உடைக்குமிடத்தில் தேங்காய்ச் சில்லைப் பொறுக்க ஓடாத பிள்ளை உண்டோ? அவ்விடத்தில் கிடக்கும் கொட்டாங்கச்சித் துணுக்கு கத்தி போன்றது. கிழித்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவவேண்டும். தசை விறைப்பு நோய்க்கான தடுப்பூசிகள் உரிய காலத்தில் போடப்பட்டனவா என்றும் பார்க்கவேண்டும். அரசின் அட்டவணைப்படி 6, 10, 14 ஆம் வாரங்களிலும், 16 முதல் 24 மாதங்களுக்குள்ளும், 5 முதல் 6 வயதுக்குள்ளும், பின்னர் 10, 16 ஆம் வயதுகளிலும் இவை இடப்படுகின்றன. ஐந்து வயது ஊசியோடு நிறுத்திவிடும் குடும்பங்கள் பல.

இங்கே ஓர் ஐயம் எழும். கோயிலுக்குச் சென்று வந்தவுடன் கால் கழுவலாகாது, கழுவினால் பெற்ற புண்ணியம் நீங்கிவிடும் என்று இல்லங்களில் சொல்வதுண்டு. வழிபாட்டின் அமைதி குலையாமல் சிறிது நேரம் அமர்ந்திருக்கட்டும் என்ற நல்லெண்ணமே இவ்வழக்கத்தின் வேராக இருக்கலாம். அதனை மதிக்கும் பெரியோர் அவ்வாறே அமர்ந்து, பிரசாதத்தைப் பகிர்ந்துகொண்டு, பின்பு கழுவலாம். ஆயினும் கழுவாமலே உண்டு கழுவாமலே உறங்குவதற்கு அந்த நம்பிக்கை இடம் தருவதாகக் கொள்வது பிழை. உண்ணுமுன் கால் கழுவச் சொன்ன ஆசாரக்கோவை விதி, கோயிலுக்குச் சென்றவருக்கு விலக்கு என்று கூறவில்லை. புண்ணியம் உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டு வருவதன்று. ஒட்டிக்கொண்டு வருவது தெருப்புழுதி.

கோயிலின் கருங்கல் தளத்தைவிட அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. அது மலம் கலந்த ஈரமண். கொக்கிப்புழுவின் முட்டைகள் நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் பொரிகின்றன. கண்ணுக்குப் புலப்படாத இளம்புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுள் புகுகின்றன. இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறு சுவையானது. 1898 இல் எகிப்து நாட்டுக் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் இப்புழுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, புழுக்கள் அடங்கிய நீர்த்துளி அவர் கையில் சிந்தியது. அவ்விடம் அரித்துச் சிவந்தது. பின்னர் அவருடைய மலத்திலேயே கொக்கிப்புழுவின் முட்டைகள் காணப்பட்டன. வாய்வழியேதான் இப்புழு புகும் என்று எண்ணியிருந்த உலகம், தோல்வழியேயும் புகும் என்று அவரால் அறிந்தது. புகுந்த புழு இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் தங்கிக் குருதியை உறிஞ்சுகிறது. குழந்தை வெளிறிச் சோர்ந்து படிப்பில் பின்தங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். கால் கழுவுவதால் மட்டும் இதனைத் தடுத்தல் இயலாது. விடுமுறைக்குச் சிற்றூர் செல்லும் பிள்ளை தோட்டத்திலும் ஆற்றங்கரையிலும் செருப்பணிந்தே நடக்கவேண்டும். மலம் கழிக்கக் கழிப்பறையையே நாடவேண்டும். இந்திய அரசு 2015 பிப்ரவரி 10 அன்று தொடங்கிய குடற்புழு நீக்க நாள் திட்டத்தில் 1 முதல் 19 வயது வரை உள்ளோருக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாக வழங்கப்படுகிறது. அதனை வாங்கி வீட்டுக்குக் கொணர்ந்து மறந்துவிடாமல் அங்கேயே உட்கொள்ளச் செய்தல் வேண்டும்.

இனி அடுக்குமாடி வீட்டில் அந்தப் பழைய திண்ணைச் செம்புக்கு என்ன செய்வது? கதவுக்கு வெளியே காலணிக்கு ஒரு தட்டு. கதவிலிருந்து குளியலறை வரை துவைக்கத்தக்க ஒரு நீள விரிப்பு. குளியலறையில் குழந்தை அமர ஒரு முக்காலி. அதன் கைக்கு எட்டும் உயரத்தில் ஓர் ஆணியில் கால்துண்டு. இவ்வளவும் ஒரு மாலைப்பொழுதில் அமைத்துவிடலாம். தந்தை அலுவலகத்திலிருந்து வந்து காலுறையோடு கட்டிலில் சாயும் வீட்டில் மட்டும் இவை எதுவும் பயன்தாரா.

கழுவக் கற்ற பேரக்குழந்தையால் வீட்டு முதியவருக்கும் ஒரு நன்மை உண்டு. நீரிழிவு நெடுநாள் நீடித்தால் பாதத்தில் உணர்ச்சி மங்கும். பங்குனி, சித்திரை நண்பகலில் சுடுகல்லின்மேல் வலம் வரும் அத்தகைய முதியவருக்குக் கால் சுடுவதே தெரியாது. கொப்புளம் எழுந்து உடைந்து புண்ணாகியும் வலிக்காது. அவர்கள் வெயில் ஏறுமுன் அல்லது மாலையில் வருவதே தக்கது. விரிப்பு இட்ட பாதையை விட்டு விலகலாகாது. குனிந்து தம் உள்ளங்காலைப் பார்க்க இடுப்பும் இடந்தராது, கண்ணும் இடந்தராது. பேரனோ பேத்தியோ தன் எட்டு இடுக்குகளையும் துடைத்து முடித்தபின், அதே முக்காலியில் தாத்தாவை அமர்த்தி அவர் காலையும் கழுவித் துடைத்து, உள்ளங்காலை விளக்கொளியில் பார்த்துச் சொல்லலாம். சிவப்போ கொப்புளமோ கீறலோ தென்பட்டால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாமல் அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும். தில்லை நகரத்தார்க்கு அதற்கு நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. மருத்துவமனைகளுக்குப் பேர்போன பகுதி அது.