தற்கொலைத் தடுப்பு: அரசு செய்தது, ஊர் செய்யாதது

1995 அளவில் உலகிலேயே தற்கொலை மிக அதிகமான நாடுகளுள் இலங்கையும் ஒன்று. ஒரு இலட்சம் பேருக்கு சுமார் 47 பேர். கொடிய பூச்சிகொல்லிகளை அரசு படிப்படியாகத் தடை செய்ய, அந்த வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டமும் 1998இல் நீக்கப்பட்டது.

இது நம் ஊர்களில் இன்னும் பலருக்குத் தெரியாது. பொலிஸுக்கும் ஊர்ப்பேச்சுக்கும் பயந்து, "தெரியாமல் குடித்துவிட்டார்" என்று வைத்தியசாலையில் சொல்கிறார்கள். மனநல வைத்தியரிடம் அனுப்பப்படும் வாய்ப்பு அங்கேயே கைநழுவிப் போகிறது.

தற்கொலை ஹராம் என்பது எல்லோருக்கும் தெரியும். குத்பாவில் அத்தோடு, 24 மணி நேரமும் இயங்கும் தேசிய மனநல உதவி இலக்கம் 1926ஐயும் சொல்லலாமே. பிழைத்து வந்த பிள்ளையின் வீட்டுக்குப் பள்ளிவாசல் நிர்வாகத்தினர் போகட்டும். ஏசுவதற்கல்ல, சுகம் விசாரிக்க.