இடறி விழுந்தவனும் நம்மவனே

குடியின் கொடுமையைப் பற்றி மேடையேறி முழங்காத தேசத்தொண்டர் நம் நாட்டில் இல்லை. 1921-ஆம் ஆண்டில் ஈரோட்டுக் கள்ளுக்கடைகளின் முன்னே ஸ்ரீமதி நாகம்மையாரும் ஸ்ரீமதி கண்ணம்மாளும் மறியல் செய்தது முதல், 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியாரின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமுலுக்குக் கொண்டுவந்தது வரையிலும், அதற்குப் பின்னரும், இவ்விஷயத்தில் தமிழ்நாடு பட்ட பாடு சிறிதன்று. கடையை மூடுவது எப்படி என்பதை நாம் பலகாலம் ஆலோசித்திருக்கிறோம். ஆனால், இனிக் குடிப்பதில்லை என்று குலதெய்வத்தின் முன் சத்தியம் செய்த ஒருவன், நாற்பது நாள் வாக்கைக் காத்து, நாற்பத்தோராம் நாள் தள்ளாடிக்கொண்டு வீடு திரும்புவானாயின், அவனை என்ன செய்வது? இக்கேள்விக்கு நம்மவர் பெரும்பாலோர் கூறும் விடை ஒன்றே: "அவன் திருந்தமாட்டான், விட்டுத் தள்ளுங்கள்" என்பதுதான்.

இவ்விடை இரக்கமற்றது என்பது மட்டுமன்று, உண்மைக்கும் மாறானது என்பதையே இங்கு எடுத்துக்காட்ட விரும்புகிறோம். குடிநோயை எதிர்த்து உலகில் எழுந்த மிகப் பெரிய இயக்கமொன்று, இப்படி இடறி விழுந்த ஒருவரிடமிருந்தே பிறந்தது. அவ்வரலாற்றை நம் தொண்டர்கள் அறிவது நலம்.

ஐக்கிய அமெரிக்காவில், ஒஹையோ மாகாணத்திலுள்ள ஆக்ரன் நகரம் ரப்பர் டயர்த் தொழிலுக்குப் பேர் போனது. 1935-ஆம் ஆண்டு மே மாதத்தில், பில் வில்ஸன் என்ற நியூயார்க் பங்கு வியாபாரி ஒரு கம்பெனி விவகாரமாக அங்கு வந்தார். பெருங்குடியராயிருந்து பலமுறை ஆஸ்பத்திரி புகுந்தவர் அவர். குடியை விட்டு அப்போது ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. வந்த காரியம் தோற்றது. சனிக்கிழமையன்று ஹோட்டல் முன்கூடத்தில் தன்னந்தனியே நின்றவரின் காதில், பக்கத்து மதுசாலையின் ஆரவாரம் விழுந்தது. தம் கால்கள் அப்பக்கம் திரும்பிவிடுமோ என்று அவருக்கே அச்சமுண்டாயிற்று. அந்நேரத்தில் அவருக்குத் தோன்றிய யுக்தி விசித்திரமானது: தம்மைப் போன்ற மற்றொரு குடியரை இவ்வூரில் தேடிப் பிடித்துப் பேசவேண்டும் என்பதே அது. நியூயார்க்கில் அவர் பல குடியர்களுக்கு மாதக்கணக்கில் உபதேசம் செய்து பார்த்திருந்தார். ஒருவரும் திருந்தவில்லை. ஆயினும், அம்முயற்சியில் ஈடுபட்டிருந்த வரையில் தாம் மட்டும் குடிக்கவில்லை என்பது அவர் நினைவுக்கு வந்தது. உடனே டெலிபோனில் பாதிரிமாரை விசாரிக்கத் தொடங்கினார்.

அவ்விசாரணையின் பயனாக மறுநாள் மாலை அவர் சந்தித்தவர் டாக்டர் ராபர்ட் ஸ்மித் என்னும் ரண சிகிச்சை நிபுணர். படிப்பிலோ அறிவிலோ குறைந்தவரல்லர் அந்த டாக்டர். மதுவினால் உடலுக்கு வரும் கேட்டை அவருக்கு யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இரண்டரை ஆண்டுகளாக ஒரு பிரார்த்தனைச் சங்கத்துக்கும் போய் வந்துகொண்டிருந்தார். அப்படியிருந்தும் குடி நிற்கவில்லை. கால் மணி நேரத்துக்குமேல் இருக்கமுடியாது என்று சொல்லிக்கொண்டு 5 மணிக்கு வந்தவர், இரவு 11 மணிக்கு மேலும் பேசிக்கொண்டிருந்தார். காரணம், வில்ஸன் அன்று உபதேசம் செய்யவில்லை. தாம் குடித்ததையும், பொய் சொன்னதையும், விட முயன்று தோற்றதையும் ஒளிக்காமல் சொன்னார். அனுபவித்து அறிந்த ஒருவர் வாயிலிருந்து அவ்வார்த்தைகளை டாக்டர் கேட்டது அதுவே முதல் தடவை.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நமக்கு அதில் பயன் அதிகமில்லை. சில வாரங்களுக்குப் பிறகு டாக்டர் ஸ்மித், அட்லாண்டிக் ஸிட்டியில் கூடிய வைத்தியர் மகாநாட்டுக்குப் புறப்பட்டார். ரயிலேறியதுமே குடிக்கத் தொடங்கிவிட்டார்; பல நாட்கள் கழித்துச் சீரழிந்த நிலையில் ஊர் திரும்பினார். அப்போது வில்ஸன் அவர் வீட்டிலேயே தங்கியிருந்தார். "நான் சொன்னதெல்லாம் வீண்" என்று அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடவில்லை. டாக்டரின் மனைவியும் அவரும் இரவு பகலாக உடனிருந்து பார்த்துக்கொண்டார்கள். ஓர் ஆப்பரேஷன் செய்யவேண்டிய நாள் நெருங்கியிருந்தது. அன்று காலை, கை நடுக்கம் தணிவதற்காக வில்ஸன் தம் கையாலேயே ஒரு புட்டி பீர் கொடுத்து அவரை அனுப்பினார். டாக்டர் ஸ்மித் குடித்த கடைசி மது அதுவே. ஆப்பரேஷன் முடிந்தபின் வெகுநேரம் அவர் வீடு திரும்பவில்லை. தம்மால் துன்புற்றவர்களையும் கடன் கொடுத்தவர்களையும் தேடிச் சென்று, தம் நிலையை ஒப்புக்கொண்டு வந்தார் என்பது பிறகு தெரிந்தது. 1950-ஆம் ஆண்டில் இறக்கும் வரையில் அவர் மதுவைத் தொடவில்லை.

இன்று நூற்றுக்கு மேற்பட்ட தேசங்களில் பரவியிருக்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் குடிநோயாளர் சங்கம், 1935-ஆம் ஆண்டு ஜூன் 10-ந் தேதியைத் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. இருவரும் முதன்முதல் சந்தித்த மே மாதத்து நாளை அச்சங்கத்தார் தேர்ந்தெடுக்கவில்லை. விழுந்தவர் எழுந்த நாளையே தேர்ந்தெடுத்திருக்கின்றனர். வில்ஸன் ஜூன் மாதத்தில் கைவிட்டுப் போயிருப்பாரேயானால், அந்த இயக்கமும் இல்லை. ஒருகால் வில்ஸனும் தப்பியிருக்கமாட்டார்.

குடியை விட்டவன் மீண்டும் குடிப்பது மன உறுதியின்மையால் மட்டும் நிகழ்வதன்று. நெடுங்காலம் குடித்தவனுடைய மூளையும் நரம்புகளும் மதுவுக்குப் பழகி மாறிவிடுகின்றன என்று வைத்திய சாஸ்திரம் கூறுகிறது. அம்மாறுதல் சத்தியம் செய்த அன்றே நீங்கிவிடாது. கோபம், துயரம், வீட்டுச் சச்சரவு, பழைய கூட்டாளியின் அழைப்பு ஆகிய இவற்றில் ஏதேனுமொன்று வந்து தாக்கும்போது கால் இடறுகிறது. இதைப்பற்றி ஆராய்ந்த அலன் மார்லாட் என்ற அமெரிக்க மனநூல் அறிஞர், முதல் கோப்பையைவிட அதன் பின் வரும் வெட்கமே பேராபத்து என்று கண்டார். நம் கிராமத்தார் இதை வேறு விதமாக அறிவார்கள். நனைந்தபின் முக்காடு எதற்கு என்று எண்ணியே அவன் இரண்டாவது கோப்பையை எடுக்கிறான். அந்நேரத்தில் அவனைப் பார்த்து "நீ உருப்படமாட்டாய்" என்று சொல்லுகிறவர், அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதையே உறுதிப்படுத்துகிறார். "நாற்பது நாள் இருந்தாய், அதைச் செய்தவனும் நீதானே, நாளை மறுபடி தொடங்கு" என்று சொல்லுகிறவரோ அவன் மூன்றாவது கோப்பையைத் தடுத்தவராவார்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்துவது உயிருக்கே அபாயமாகலாம். நிறுத்திய முதல் சில நாட்களில் நடுக்கமும், வலிப்பும், இல்லாததைக் காணும் சித்தப்பிரமையும் வருவதுண்டு. அத்தகையவனை அறையில் பூட்டி வைப்பது வைத்தியமாகாது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று, வைத்தியர் மேற்பார்வையிலேயே நிறுத்தச் செய்யவேண்டும். இச்சையைக் குறைக்கும் மருந்துகளும் இக்காலத்தில் உண்டு. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பின் வரும் மாலைப்பொழுதுகளுக்குத் துணை வேண்டுமே! 27 ஆராய்ச்சிகளையும், அவற்றில் இடம்பெற்ற 10,565 பேரையும் கணக்கிலெடுத்து 2020-ஆம் ஆண்டில் வெளியான காக்ரேன் மதிப்புரை, குடியை அடியோடு விட்டிருக்கச் செய்வதில், மேற்கூறிய சங்கத்தின் கூட்டங்களில் முறையாகச் சேர்த்துவிடும் சிகிச்சை மற்றச் சிகிச்சைகளைவிட மேலான பயன் தருவதாக முடிவு கூறிற்று.

நம் நாட்டிலும் இதற்கு வழிகாட்டியவர் உண்டு. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த ஸ்ரீமதி சாந்தி ரங்கநாதன், 1980-ஆம் ஆண்டில் சென்னையில் குடிநோயாளருக்கான சிகிச்சை நிலையமொன்றை அவர் பெயராலேயே நிறுவினார். நோயாளியுடன் அவன் குடும்பத்தாருக்கும் அறிவுரை அளிப்பது அங்குள்ள முறை. இது மிகப் பொருத்தமானது. ஏனெனில், பல ஆண்டுகள் அடியும் அவமானமும் பட்ட மனைவியிடம் போய், "பொறுத்துக்கொள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது கொடுமை. அவளுக்கும் பேச ஒரு துணை வேண்டும். ஆபத்து நேரும்போது ஒதுங்க ஓர் இடமும் வேண்டும். இடறியவனை ஆதரிப்பது என்பது அவன் செய்யும் அக்கிரமத்தைச் சகிப்பதாகாது.

"மதுவிலக்குச் சட்டம் வந்தால் இவையெல்லாம் எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கலாம். சட்டம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதன் சரித்திரத்தைச் சற்று நோக்குங்கள். 1937-ல் பிறந்த மதுவிலக்கு, ஜனப் பிரதிநிதிகளின் மந்திரிசபை இல்லாத யுத்த காலத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. 1948-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி மாகாணம் முழுவதும் பரவியது. 1971-ல் தளர்ந்தது, 1974-ல் மீண்டது, 1981-ல் மறுபடியும் போயிற்று. 2003-ஆம் ஆண்டிலோ சர்க்காரே சில்லறைக் கடையும் வைத்துக்கொண்டது. கஜானாவும் சட்டசபையும் போலீஸும் உடைய ஒரு ராஜாங்கம் இத்தனை முறை சபதம் செய்து இத்தனை முறை இடறியிருக்க, கூலி வாங்கிக்கொண்டு அதே ராஜாங்கத்தின் கடைவாசலைக் கடந்து வீடு போகவேண்டிய ஓர் ஏழை இருமுறை இடறினால் அவனைப் புழுவென ஒதுக்குவது எந்த நியாயம்?

ஆகவே தொண்டர்களுக்கு நமது விண்ணப்பம் இது. ஊர்வலத்துக்கும் பொதுக்கூட்டத்துக்கும் கொடுக்கும் நேரத்தில் ஒரு பகுதியை, உங்கள் தெருவில் குடியை விட்ட ஒருவனுக்குக் கொடுங்கள். கூலி நாளன்று மாலையில் அவனுடன் நடந்து வீடு வரை செல்லுங்கள். குடியை விட்டுப் பல ஆண்டுகளான ஒருவர் பக்கத்தில் இருப்பாராயின், இருவரையும் சேர்த்து வையுங்கள். நீங்கள் பத்து நாள் பேசுவதைவிட அவர் ஒரு மாலை பேசுவது பயன் தரும். தேர்தல் காலத்தில் புட்டி வழங்கும் கட்சிக்காரர் உங்கள் கட்சியினராகவே இருந்தாலும் தடுத்து நில்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் மறுபடி குடித்தான் என்ற செய்தி வரும் நாளில் அவன் வீட்டுக்குப் போகத் தவறாதீர்கள். வெட்கத்தினால் அவன் கதவைத் திறக்காமலிருக்கலாம். மறுநாள் காலையிலும் போய்த் தட்டுங்கள்.