சட்டை மாற்றும் காய்ச்சல் கிருமி

"எனக்குத்தான் ஒரு தடவை மலேரியா வந்து போச்சே, இனிமே உடம்பு தாங்கும்" என்று சொல்லும் தோழர்கள் நம்மில் உண்டு. தட்டம்மைக்கு அந்தக் கணக்கு சரி. மலேரியாவுக்குச் சரிவராது.

கொசுக்கடியால் உடம்பில் ஏறும் மலேரியா கிருமி, முதலில் கல்லீரலில் தங்கி, பிறகு இரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் புகுந்து பெருகுகிறது. உள்ளே ஒளிந்திருந்தாலும், தான் உண்டாக்கும் ஒரு புரதத்தை அந்த அணுவின் மேற்பரப்பில் நீட்டி வைக்கிறது. அதைக் கிருமியின் சட்டை என்று வைத்துக்கொள்வோம். நம் உடம்பின் காவற்படை சட்டையைப் பார்த்துத்தான் ஆளைப் பிடிக்கும். சிவப்புச் சட்டைக்காரனை அடையாளம் கண்டு, அடிப்பதற்கான எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்கச் சில நாள் ஆகும். அடி விழுந்ததும் பெரும்பகுதி செத்துப்போகும். அதற்குள் ஒன்றிரண்டு பச்சைச் சட்டைக்கு மாறியிருக்கும். அவற்றைக் காவற்படைக்குத் தெரியாது. அந்தச் சிலதே மறுபடி கூட்டமாகும். பச்சையைக் கற்றுக்கொண்டால் மஞ்சள் வரும்.

கிருமிக்கு மூளை கிடையாது, திட்டம் போட்டு மாற்றுவதில்லை. தற்செயலாகச் சிலது மாறுகிறது, மாறினது பிழைக்கிறது, அவ்வளவுதான். ஆப்பிரிக்காவில் பலரைக் கொல்லும் பால்சிபாரம் கிருமியிடம் சுமார் 60 சட்டைகள் உண்டு. நம் காட்டுக் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலெசி கிருமியிடம் நூற்றுக்கும் மேல். இந்தச் சட்டை மாற்றத்தை நோலெசி பிடித்த குரங்குகளை வைத்தே 1965-ல் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அதே ஆண்டில்தான், பகாங் காட்டில் வேலை செய்த ஓர் அமெரிக்கருக்கு அந்தக் காய்ச்சல் கண்டது.

மலேசியாவில் 2018-ல் மனித மலேரியா உள்ளூரில் பரவவில்லை என்ற நிலை வந்தது. குரங்கு மலேரியா மட்டும் போகவில்லை. சபா, சரவாக்கில் அதிகம், தீபகற்பத்திலும் உண்டு, உயிரையும் வாங்குகிறது. மற்ற மலேரியாக்கள் 48 அல்லது 72 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும்போது, இது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். ஒருநாள் சும்மா இருந்தாலும் ஆபத்து.

மருந்து சட்டையைப் பார்ப்பதில்லை. எந்தச் சட்டை போட்டிருந்தாலும் உள்ளே போய் அடிக்கும். ஆகவே காய்ச்சல் தணிந்துவிட்டதென்று மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். காட்டோரச் செம்பனையில் வேலை செய்பவர்கள், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே கிளினிக்குக்குப் போய், "குரங்கு நடமாடுற இடத்துல வேலை" என்று சொல்லி இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். கொங்சி வீட்டில் வெளிநாட்டுத் தோழர் யாராவது போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தால், அவரையும் கையோடு அழைத்துப் போங்கள்.