சுப்பராயன் அமைச்சரவை: அமைந்த முறையும் அமைப்பும்

சென்னை மாகாணத்து இரட்டையாட்சிக் காலத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் நீதிக்கட்சியின் அமைச்சரவைகளையே விரித்துரைப்பர். அவற்றின் இடையே, 1926 முதல் 1930 வரை நிலவிய டாக்டர் ப. சுப்பராயன் அமைச்சரவை சில வரிகளில் அடங்கிவிடுகிறது. கட்சி சாராதோர் அமைச்சரவை என்பது அதற்கு வழங்கும் பெயர். அதனைத் தாங்கி நின்றவர் யாவர் என ஆராயுமிடத்து, அப்பெயர் உண்மையில் ஒரு பாதியையே உணர்த்துதல் காணலாம்.

1919 ஆம் ஆண்டுச் சட்டம் மாகாண ஆட்சியை இரு கூறாக்கியது. கல்வி, உள்ளாட்சி, பொதுநலவாழ்வு முதலியன சட்டமன்றத்திற்குப் பொறுப்புடைய அமைச்சரிடம் மாற்றப்பட்டன. நிலவரி, பாசனம், காவல், நிதி ஆகியன கவர்னரின் நிருவாகக் குழுவினர்க்கு ஒதுக்கப்பட்டன. தாம்பரத்தை அடுத்த அஸ்தினாபுரம் வட்டாரம் அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அவ்வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றன் பள்ளி அமைச்சரின் துறைக்கு உட்பட்டிருக்க, அவ்வூரின் நிலவரியும் ஏரிப் பாசனமும் அவர் கைக்கு எட்டாதனவாயிருந்தன. உழவர்க்கு எது பெரிது என்பதை நாம் கூற வேண்டுவதில்லை.

1926 தேர்தலில் 98 இடங்களுள் சுயராச்சியக் கட்சி 41, நீதிக்கட்சி 21 பெற்றன. முன்னது பதவி ஏற்பதில்லை என்னும் கொள்கையால் விலகி நின்றது. பின்னதற்குப் போதிய வலிமையில்லை. எனவே கவர்னர் கோஷன் பிரபு சுப்பராயனை அழைத்தார். அ. ரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் உடன் அமைச்சராயினர். கவர்னரின் நியமன உறுப்பினரே இவ்வமைச்சரவைக்கு உறுதியான பற்றுக்கோடு. சுயராச்சியக் கட்சியினர் வெளியிலிருந்து ஓரளவு துணைநின்றனர்.

சைமன் குழு வந்தபோது இவ்வேற்பாடு குலைந்தது. அக்குழுவைப் புறக்கணிக்கும் தீர்மானத்தை முதலமைச்சர் எதிர்த்தார். உடனமைச்சர் இருவரும் ஆதரித்தனர். தீர்மானம் நிறைவேறியது, 1928 இல் இருவரும் பதவி துறந்தனர். அவர்களிடத்தில் எஸ். முத்தையா முதலியாரும் சேதுரத்தினம் ஐயரும் அமர்ந்தனர்.

இங்கு நாம் ஊன்றி நோக்கற்பாலது ஒன்றுண்டு. நீதிக்கட்சியின் முதல்வருள் ஒருவரான எம். கிருஷ்ணன் நாயர் அவ்வாண்டில் நிருவாகக் குழுவின் சட்ட உறுப்பினராக நியமிக்கப்பெற்றார். அதுகாறும் எதிரணியில் இருந்த அக்கட்சி அமைச்சரவையை ஆதரிக்கத் தலைப்பட்டது. ஒதுக்கப்பட்ட கூற்றில் அளித்த ஓர் இடம் மாற்றப்பட்ட கூற்றிலுள்ள அமைச்சரவையைக் காத்தது. அமைச்சர் பெயர்ப்பட்டியலை மட்டும் நோக்குவார்க்கு இக்கூட்டு விளங்காது. இரு கூறுகளையும் ஒருங்கு வைத்தே காணல் வேண்டும்.

இத்தகைய வலுவற்ற அமைச்சரவையும் நிலைத்த செயலொன்று ஆற்றியது. 1928 இல் முத்தையா முதலியார் தம் பொறுப்பிலிருந்த பதிவுத்துறையில் வகுப்புரிமை ஆணையைச் செயற்படுத்தினார். பன்னிரண்டு இடங்களுள் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்க்கு 2, முகம்மதியர்க்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறித்தவரும் அடங்கிய பிரிவினர்க்கு 2, தாழ்த்தப்பட்டோர்க்கு 1 என்பது அதன் பகுப்பு. இதனை நீதிக்கட்சி அமைச்சரவையின் ஆணை எனச் சிலர் எழுதிவருகின்றனர். கோரிக்கை அக்கட்சியினுடையது, ஆதரவும் அக்கட்சியினுடையது, செயற்படுத்தியது சுப்பராயன் அமைச்சரவை. 1930 தேர்தலில் நீதிக்கட்சி வென்று, முனுசாமி நாயுடு முதலமைச்சரானபோது, அவர் அவ்வாணையைப் புதிதாகத் தொடங்க வேண்டிய நிலையில் இல்லை.