அணைத்த கணினியில் அணையாத விளக்கு

“டீச்சர், கணினிய அடைச்ச பிறகும் உள்ள நீல விளக்கு எரிஞ்சிக்கிட்டே இருக்கு. தூக்கமே வரல!”

படிவம் நான்கு மாணவர் ஒருவர் இப்படிச் சொன்னார். கணினிப் பெட்டியின் மேல் துண்டைப் போட்டு மூடி வைப்பதுதான் அவர் கண்ட வழி. மறுநாள் அதை எடுக்க மறந்து கணினியை இயக்கினால் காற்றுத் துளைகள் அடைபட்டு உட்பாகங்கள் சூடேறும். அந்த வழி வேண்டாம். அவர் தூக்கத்தைப் பற்றிச் சொன்னது மட்டும் உண்மை. நம் விழித்திரையில் நீல ஒளியைக் கூர்ந்து உணரும் செல்கள் உள்ளன. இரவில் அவை தூண்டப்பட்டால், உறக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பு குறையும்.

அணைத்த கணினிக்கு மின்சாரம் எப்படி வருகிறது? கணினியை அணைக்கும்போது மின்வழங்கியின் முக்கிய இணைப்புகள் நின்றுவிடுகின்றன. ஆனால், 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் மட்டும் நிற்பதில்லை. பொத்தானை அழுத்தியதும் கணினி விழித்துக்கொள்வது அதனால்தான். சில தாய்ப்பலகைகள் அதே மின்சாரத்தை அலங்கார விளக்குகளுக்கும் தருகின்றன.

இந்த விளக்குகளின் ஒவ்வொரு மணிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று குட்டி எல்இடிகள் உள்ளன. ஒவ்வொன்றின் ஒளி அளவையும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண் முடிவு செய்கிறது. 256-ஐ மும்முறை பெருக்கிப் பாருங்கள்: 16,777,216 நிறங்கள்! மணிக்கு மணி நிறம் மாறும் வகையில், எண்கள் வரிசையாக ஒரே கம்பியில் வருகின்றன. வகுப்பில் நான் பயிற்சித் தாள்களை முதல் மேசையில் கொடுப்பேன் அல்லவா? முன்னால் இருப்பவர் தனக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியைப் பின்னால் தள்ளுவார். அதேபோல் முதல் மணி தனக்குரிய மூன்று எண்களை எடுத்துக்கொண்டு மற்றவற்றை அடுத்த மணிக்கு அனுப்பும். புதிய எண்கள் வரும்வரை, மின்சாரம் இருந்தால், பழைய நிறத்திலேயே நிற்கும்.

ஆக, மென்பொருளில் ‘அணை’ என்று சொடுக்கினால் மின்சாரம் துண்டிக்கப்படுவதில்லை. 0, 0, 0 என்ற எண்கள்தாம் போகின்றன. பல கணினிகளில், மறுபடி இயக்கியதும் அந்த மென்பொருள் தொடங்கும்வரை வானவில் மீண்டும் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

நிலையான தீர்வு பயாஸ் அமைப்பில் இருக்கிறது. கணினி தொடங்கும்போது டிலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தினால் பெரும்பாலும் அங்கே போகலாம். விளக்குக்கென்றே தனி அமைப்பு இருந்தால் அதை மூடுங்கள். இல்லையென்றால் ‘இஆர்பி’ என்ற அமைப்பைத் தேடி இயக்குங்கள். அது காத்திருப்பு மின்சாரத்தின் பயன்பாட்டை மிகவும் குறைத்துவிடும். கணினியை முறையாக அணைத்த பிறகு சுவர் சுவிட்சை மூடினாலும் போதும்.

விளக்குக் கம்பியைக் கழற்றவும் செய்யலாம். அதைத் திரும்பச் செருகும்போதுதான் கவனம் தேவை. மணிக்கு மணி நிறம் மாறும் வகைக்கு 5 வோல்ட், மூன்று ஊசி. எல்லாம் ஒரே நிறத்தில் எரியும் பழைய வகைக்கு 12 வோல்ட், நான்கு ஊசி. என் தம்பியின் கணினியில் நான் முன்னதை நான்கு ஊசியில் அழுத்திச் செருகினேன். ஒரு நொடிதான், கருகிய வாடை வந்தது. அறிவியல் ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ள அன்று வெட்கமாக இருந்தது!

அந்த மாணவர் ‘இஆர்பி’யை இயக்கிவிட்டாராம். விளக்கு அணைந்துவிட்டது. ஆனால், அணைத்த கணினியில் செருகி வைத்தால் கைப்பேசிக்கு மின்னேற்றம் ஆகவில்லை என்று இப்போது புதுப் புகாரோடு வந்திருக்கிறார். ஏன் என்று அவரையே யோசிக்கச் சொல்லியிருக்கிறேன்.